கூரையைப் பிரித்த நால்வரும் நம் ஊர் வைத்தியமும்

(நம் பங்கின் ஜூபிலி ஆண்டில், உலக நோயாளர் தினத்தன்று மாலை, கோவில் வளாகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)

 



ஜூபிலி மேடையில் பங்குத் தந்தை பேச எழுந்தால் கோவில் எழும்பிய வரலாற்றையும், கொடிமரத்தையும், மணிக்கூண்டையும், முன்னிருந்த சாமிமார்களின் தியாகத்தையும் சொல்வார் என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றையெல்லாம் என்னைவிட நன்றாக அறிந்த பெரியவர்கள் இந்த மலரில் எழுதியிருக்கிறார்கள். நான் இன்று ரத்தக் கொதிப்பைப் பற்றியும், சர்க்கரை வியாதியைப் பற்றியும், மாத்திரை அட்டையைப் பற்றியும் பேசப் போகிறேன். இன்று பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாள். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-இல் இந்நாளை உலக நோயாளர் தினமாக ஏற்படுத்தினார். 1993 முதல் திருச்சபை எங்கும் கொண்டாடி வருகிறோம். ஆகவே பொருள் பொருத்தமற்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முதலில் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். நான் இதற்கு முன் இருந்த பங்கில், திருவிழாவை ஒட்டி ஒரு மருத்துவ முகாம் நடத்தினேன். பந்தல் போட்டு, நாற்காலி வாடகைக்கு எடுத்து, வெளியூரிலிருந்து டாக்டர்களை வரவழைத்து, ஒரே காலையில் நூற்றைம்பது பேருக்கு மேல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தோம். வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடும் போட்டோம். படம் எடுத்தோம். அந்தப் படம் அந்த ஆண்டுத் திருவிழா மலரில் முழுப் பக்கத்துக்கு வந்தது. நான் நடுவில் நின்றேன்.

அதற்கு ஒன்பது மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் இரவு, அவஸ்தைப்பூசுதலுக்கு அழைத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயக் கூலி. வாத நோய் தாக்கி, ஒரு பக்கம் விழுந்து, வாய் கோணிக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வண்டி வரும்வரை ஜெபிப்போம் என்று, தலைமாட்டில் இருந்த அவருடைய ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். பிரார்த்தனைப் பக்கத்துக்கு அடையாளமாக ஒரு சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. நம் முகாமில் கொடுத்த சீட்டு. ரத்த அழுத்தம் 180/110 என்றும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவும் என்றும் எழுதியிருந்தது. அவருடைய மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “சாமி, இந்தச் சீட்ட யாருகிட்டக் குடுக்கணும்னு அப்பவே தெரியலிங்க. இப்ப யாருகிட்டக் குடுக்கணும்?”

அவர் பிழைத்தார். வலக் கையும் பேச்சும் திரும்பவில்லை.

யாரும் அவரை ஏமாற்றவில்லை. டாக்டர் சரியாகப் பார்த்தார், சரியாக எழுதினார். சுகாதார நிலையம் இரண்டு மைல் தொலைவில் திறந்துதான் இருந்தது. அங்கே மாத்திரையும் இலவசம். ஆனால் முகாமுக்கும் சுகாதார நிலையத்துக்கும் நடுவே ஒருவரும் இல்லை. நான் இருந்திருக்க வேண்டும். நான் பந்தல்காரரின் கணக்கைத் தீர்ப்பதில் இருந்தேன். ரத்தக் கொதிப்பு வலிக்காத வியாதி. வலித்தால் மனிதன் தானே போவான். வலிக்காததால்தான், நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும், பிள்ளை கலியாணம் முடியட்டும் என்று தள்ளிப் போடுகிறான்.

மாற்கு நற்செய்தியில் ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். கூட்டத்தினால் வாசல் வழியே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து, படுக்கையோடு நம் ஆண்டவர் முன் இறக்குகிறார்கள். இதைப் பற்றி நான் பல பிரசங்கம் செய்திருக்கிறேன். எல்லாம் விசுவாசத்தைப் பற்றி. அந்த இரவுக்குப் பிறகுதான் எண்ணிக்கை கண்ணில் பட்டது. நான்கு பேர் என்று சுவிசேஷகர் கணக்காகச் சொல்கிறார். நான்கு மூலையிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவாகக் கயிற்றை விட வேண்டும். ஒருவன் வேகமாக விட்டால் நோயாளி தலைகீழாக விழுவான்.

நம் நாட்டு வைத்திய ஏற்பாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1943-இல் ஆங்கில அரசு சர் ஜோசப் போர் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பெயர்தான் போர், செய்தது வைத்திய வேலை. 1946-இல் அவர்கள் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணம் நமக்கு வந்தது. 1952-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு அவை கிராமங்களுக்கு வந்தன. நம்மைப் போன்ற சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது பின்னால் வந்த கணக்கு. 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் நாட்டின் அல்மா-அட்டா நகரில் உலக நாடுகள் கூடி, பெரிய ஆஸ்பத்திரிகளை மட்டும் கட்டிக் கொண்டிருந்தால் போதாது, வீட்டுக்கு அருகிலுள்ள முதல் வைத்தியமே அடித்தளம் என்று அறிவித்தன.

அந்த அறிவிப்புக்கு முன்னோடியாக உலகம் எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று நம் நாட்டில் இருந்தது. அதை நடத்தியவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை கொள்ளலாம். மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட் என்னும் வறட்சிப் பகுதியில் ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்ற டாக்டர் தம்பதியர் 1970-இல் தொடங்கிய பணி அது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களையே பயிற்றுவித்து, பிரசவம், குழந்தை ஊட்டம், வயிற்றுப்போக்கு என்று ஊர் ஊராகப் பார்க்கச் செய்தார்கள். டாக்டர் செய்ய வேண்டியதை டாக்டரும், அவர் செய்யத் தேவையில்லாததை அந்தப் பெண்களும் செய்தார்கள். 1975-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலில் ஜாம்கேட்டின் கதை இடம்பெற்றது.

ஊர் கூடினால் முடியும் என்பதை நம் பகுதியே ஒரு முறை கண்டிருக்கிறது. என் சிறுவயதில் கும்பகோணம் என்றால் வெற்றிலை, பித்தளைப் பாத்திரம், அடுத்தபடியாகக் கொசு என்பார்கள். யானைக்கால் வியாதி அப்படி நம் பெயரோடு ஒட்டிக் கொண்டிருந்தது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து, ஆண்டுக்கு ஒரு நாள் குறித்து, வீடு வீடாகப் போய், வியாதி உள்ளவர் இல்லாதவர் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். செவிலியரும் ஆசிரியரும் சத்துணவுப் பணியாளரும் சேர்ந்து நின்றார்கள். ஒரு வீடு விட்டுப் போனாலும் அங்கிருந்து கொசு எடுத்துக் கொண்டு அடுத்த வீட்டுக்கு வரும் என்பதால், எல்லோரும் விழுங்கினால்தான் பயன். ஆனால் அது ஆண்டுக்கு ஒரு நாள் வேலை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அப்படியல்ல. வருஷம் 365 நாளும், சாகும்வரை. அதற்குத் திருவிழா உற்சாகம் போதாது.

எவ்வளவு போதவில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2020-இல் தமிழ்நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை வியாதியில் 100-க்கு 11 பேர். இத்தனைக்கும் மருந்துக்குப் பஞ்சமில்லாத மாநிலம் நம்முடையது. மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், நோயாளி இருக்கிறார். மூன்றும் ஒரே கோட்டில் நிற்கவில்லை.

அரசு இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 2017-இல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் துணை சுகாதார நிலையங்களுக்கு ஆளும் மருந்தும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பெல்லாம் பூட்டிக் கிடக்கிறது என்று தாண்டிப் போன மக்கள் அங்கேயே நிற்கத் தொடங்கினார்கள். பிறகு 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர் வீடு தேடி வந்து அளந்து பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கச் செவிலியரும், கை கால் பயிற்சி கொடுப்பவரும் வருகிறார்கள். 2024-இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. அடுத்து எடுத்த ஆய்வில் ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருப்பவர்கள் 100-க்கு 17 ஆனார்கள். சர்க்கரையிலும் ஏறத்தாழ அதே அளவு. இது நல்ல செய்தி. ஆனால் மீதி 83 பேர் எங்கே? நம் பங்கிலும் இருக்கிறார்கள். இந்தப் பந்தலிலும் இருக்கிறார்கள்.

அந்த 83 பேரைப் பற்றி யோசித்துத்தான், சென்ற திருவருகைக் காலத்தில் நானும் பேரவைச் செயலாளரும் நம் சுற்றுவட்டாரத்தில் சில இடங்களுக்குப் போய்க் கேட்டோம். யாரையும் குறை கூறப் போகவில்லை. காது கொடுத்துக் கேட்கப் போனோம். அரசு டாக்டர் ஒருவர், “முதல் மாதம் வந்து மாத்திரை வாங்குகிறார்கள், மூன்றாம் மாதம் காணோம். செத்தாரா, சென்னைக்குப் போனாரா, வேறு டாக்டரிடம் போனாரா, எனக்குத் தெரிய வழியில்லை” என்றார். தனியார் டாக்டர் ஒருவர், “வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். அரசு மாத்திரை வாங்கினேன் என்றால் நான் கோபித்துக் கொள்வேன் என்று பயம்” என்றார். மருந்துக் கடைக்காரர், “பழைய அட்டையைக் காட்டி இதே மாதிரி கொடு என்கிறார்கள், சீட்டே கிடையாது” என்றார். தன்னார்வலப் பெண்மணி சொன்னதுதான் என் மனத்தில் தைத்தது. “காலை பத்து மணிக்குப் போனால் வீடு பூட்டியிருக்கிறது ஃபாதர். நடவுக்குப் போயிருப்பார்கள், அல்லது திருபுவனத்தில் தறியில் இருப்பார்கள்.” ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாத்திரைக்காக வீட்டில் உட்கார் என்று நாற்று நடும் பெண்ணிடம் யார் சொல்வது?

நான்கு பேரும் நல்லவர்கள். நான்கு பேரும் படுக்கையின் ஒரு மூலையைப் பிடித்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவர் கயிற்றை மற்றவர் பார்க்கவில்லை.

இதன் பலன் என்ன என்று ஒரு வீட்டில் கண்ணால் கண்டேன். அவர்கள் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். ஒரு பாட்டியம்மாள் அடிக்கடி மயங்கி விழுகிறார் என்று மந்திரிக்கச் சொல்லி அழைத்தார்கள். மாத்திரைப் பையைக் கொண்டு வரச் சொன்னேன். சுகாதார நிலையச் சீட்டு ஒன்று, கும்பகோணத்து டாக்டரின் சீட்டு ஒன்று, மகன் வேலை பார்க்கும் ஊரில் காட்டியது ஒன்று, தேதியே இல்லாதது ஒன்று, ஆக நான்கு சீட்டுகள். செவிலியரை அழைத்துக் காட்டினேன். மூன்று அட்டைகளை எடுத்துத் தனியே வைத்தார். மூன்றும் மூன்று பெயர், மூன்று நிறம். பெரிய எழுத்துப் பெயருக்கு அருகே சிறிய எழுத்தில் அம்லோடிபின் என்ற ஒரே பெயர் மூன்றிலும் இருந்தது. பாட்டியம்மாள் ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரைக்குப் பதில் மூன்று விழுங்கிக் கொண்டிருந்தார்! அழுத்தம் தாழ்ந்து தாழ்ந்து மயக்கம் வராமல் என்ன செய்யும்? மந்திரிப்பு தேவைப்படவில்லை. அன்றே டாக்டரிடம் காட்டி ஒன்றாகக் குறைத்தார்கள். இப்போது ஞாயிறு பூசைக்கு நடந்து வருகிறார்.

இதே ஆபத்து சர்க்கரை மாத்திரையிலும் உண்டு. சாம்பல் புதன் வரப் போகிறது, ஆகவே இதையும் சொல்லி விடுகிறேன். ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறைந்தவர்கள் வரைதான் கடமை. நோயாளிகளுக்கு அந்தக் கடமை இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக் கொண்டு சிலுவைப்பாதையில் விழுவதை ஆண்டவர் கேட்கவில்லை. ஒறுத்தல் செய்ய விரும்புகிறவர்கள் வெற்றிலை பாக்குப் புகையிலையை விடட்டும்.

டாக்டர்கள் தமக்குள் சேர்ந்து வேலை செய்வது என்பது நம் ஊர்க் கற்பனையல்ல. இங்கிலாந்தில் 1948 முதல் ஒவ்வொரு குடும்பமும் ஒரு டாக்டரிடம் பெயர் பதிந்து வைத்திருக்கும் வழக்கம் உண்டு. அந்தச் சிறு வைத்தியசாலைகள் தனித்தனியே திணறுவதைக் கண்டு, 2019 ஜூலையில் அக்கம்பக்கத்தில் உள்ளவற்றைக் குழுக்களாகச் சேர்த்தார்கள். ஒரு குழுவுக்குப் பொதுவாக 30,000 முதல் 50,000 பேர். ஒரு மருந்தாளுநரையும் ஒரு பயிற்சியாளரையும் தனி ஒரு டாக்டரால் அமர்த்த முடியாது, குழுவால் முடியும். அந்த மருந்தாளுநரின் வேலைகளில் ஒன்று, நம் பாட்டியம்மாளைப் போன்றவர்களின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பது. நம் சுகாதார நிலையத்தின் கணக்கும் 30,000 என்பதைக் கவனியுங்கள். இரண்டு நாடுகளும் வெவ்வேறு வழியில் வந்து ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கின்றன.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் தஞ்சை மாவட்டத்திலேயே 2009-ஐ ஒட்டி ‘சுகவாழ்வு’ என்ற பெயரில் ஒரு முயற்சி நடந்தது. ஆலக்குடி, கரம்பயம் போன்ற கிராமங்களில் சிறு மருத்துவ நிலையங்கள் திறந்தார்கள். சித்த, ஆயுர்வேத முறையில் படித்த டாக்டர்களுக்கு மேலும் பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள். ஊர்ப் பெண் ஒருவர் வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன ஆபத்து என்று குறித்து வருவார். டாக்டர் முன் நோயாளி உட்காரும்போது அவருடைய பழைய விவரம் முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கும். எனக்கு அதில் பிடித்தது கம்ப்யூட்டர் அல்ல. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், வராதவனைத் தேடிப் போவதற்குக் கையில் ஒரு பட்டியல் இருந்ததே, அதுதான்.

சரி, நாம் என்ன செய்யப் போகிறோம்? ஜூபிலி ஆண்டில் இன்னொரு முகாம் நடத்தலாம் என்று பேரவையில் நல்ல எண்ணத்தோடு சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் கெட்டி அட்டை போட்ட கையேடுகள் அச்சிட்டிருக்கிறோம். ஒரு நோயாளிக்கு ஒன்று. எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் நீட்ட வேண்டும். டாக்டர் அவர்கள் தேதி, அழுத்தம், சர்க்கரை அளவு, மருந்தின் உண்மைப் பெயர் ஆகியவற்றை அதில் எழுதுவார்கள். இங்கு வந்திருக்கும் அரசு டாக்டரும், கடைத்தெரு டாக்டர்கள் மூவரும், சித்த வைத்தியரும் இதற்கு இசைந்திருக்கிறார்கள். எளிதில் இசைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “இலவச மாத்திரைக்குப் போனவர் என்னிடம் ஏன் திரும்பி வருவார்?” என்று ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி, அவருக்கும் வாடகை, கம்பவுண்டர் சம்பளம் இருக்கிறது. மாதாமாதம் மாத்திரை அரசிடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை விரும்புகிறவர்கள் அவரிடம் என்று பேசி, மாதா விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்டு 15 வரை பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அப்போது மறுபடி கூடுவோம். சரிப்படவில்லை என்றால் அதையும் திறந்து சொல்வோம்.

தன்னார்வலப் பெண்மணி மாதத்தில் ஒரு நாள் மாலை ஆறு மணிக்குமேல் நம் கோவில் தாழ்வாரத்தில் உட்காரச் சுகாதார நிலையம் அனுமதித்திருக்கிறது. நடவுக்கும் தறிக்கும் போகிறவர்கள் அப்போது வரலாம். கோவில் தாழ்வாரம் என்பதால் வேறு சமயத்தார் தயங்க வேண்டாம். தெருவில் யாருக்கு வியாதியோ அவர்களுக்கெல்லாம் கையேடு உண்டு. வராதவர்களின் வீட்டுக்கு அந்தந்த அன்பியத்தின் பொறுப்பாளர் போவார். மிரட்ட அல்ல, ஏன் வரவில்லை என்று விசாரிக்க. மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கும்போதுதான் இந்த விசாரிப்பு அதிகம் தேவைப்படும்.

அன்பியப் பொறுப்பாளர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. கையேடு நோயாளியின் சொத்து. அவர் காட்டினால் பாருங்கள், காட்டாவிட்டால் கேட்காதீர்கள். யாருக்கு என்ன வியாதி என்பது கிணற்றடிக்குப் போகக் கூடாது. காச நோய் என்று ஊரார் அறிந்ததால் மகளுக்கு வரன் தட்டிப் போன குடும்பத்தை எனக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத்தின் ரகசியத்தைப் போலவே இதையும் எண்ணிக் கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு, தாழ்வாரத்தில் கையேடு கொடுக்கத் தொடங்குவோம். செவிலியர்கள் இருவர் இருப்பார்கள். சீட்டு தொலைந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளை எல்லாம் பையோடு கொண்டு வாருங்கள். காலி அட்டையையும் எறிந்துவிடாதீர்கள்; பெயர் அதில்தான் இருக்கிறது.